கியர் ஆயில் மாற்றியதும் எல்.எஸ்.டி. டிஃபரன்ஷியலில் சத்தமா? காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

ஆயில் மாற்றும் வரை சத்தமில்லாமல் ஓடிய வண்டி, மாற்றிய பிறகு முதல் திருப்பத்திலேயே பின்பக்கம் 'கொரகொர' என்று அதிர ஆரம்பிக்கும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக நகர்ந்தால் சீட்டு வரைக்கும் அந்த நடுக்கம் ஏறும். "கிரவுன் பினியன் போச்சு, டிஃபரன்ஷியலை இறக்கணும்" என்று யாராவது சொல்லிவிட்டால் மனசு பதறிவிடும். வளைவில் இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் தொகுதிதான் டிஃபரன்ஷியல்; அதற்கு இன்ஜின் விசையைக் கொண்டுசேர்க்கும் பற்சக்கர ஜோடிதான் கிரவுன் பினியன். லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், அதாவது எல்.எஸ்.டி. உள்ள வண்டி என்றால், தயவுசெய்து அவசரப்பட்டு எதையும் இறக்காதீர்கள். இந்தச் சத்தத்துக்குப் பெரும்பாலும் காரணம் உடைந்த கியர் அல்ல. உள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட்டுகளுக்குப் புது ஆயில் ஒத்துவரவில்லை என்பதுதான் காரணம். அதை வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம், வெளியிலிருந்தே சரிசெய்யவும் முடியும்.

ஒரே ஒரு நிபந்தனை: வரிசை தவறக்கூடாது. சத்தம் வந்ததும் கையில் கிடைத்த அடிட்டிவ் (ஆயிலில் கலக்கும் சேர்மானம்) பாட்டிலை முழுசாகக் கவிழ்ப்பதுதான் பலரும் எடுக்கும் முதல் நடவடிக்கை. அடிட்டிவ் சேர்ப்பது பிந்தைய படிகளில் ஒன்றாக, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக இருக்க வேண்டும்.

சத்தம் எங்கிருந்து பிறக்கிறது

வண்டி திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடும், உள்சக்கரம் குறைவாக ஓடும். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே ஒன்றரை மீட்டர் அகலம் இருந்தால், ஒரு முழு வட்டம் அடிக்கும்போது வெளிச்சக்கரம் சுமார் 9.4 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். வட்டம் பெரிதோ சிறிதோ, இந்தக் கணக்கு மாறாது. பெரிய வட்டத்தில் அந்த வித்தியாசம் நீண்ட தூரத்தில் கரைந்துவிடும். ஒடித்துத் திருப்பும்போது சில நொடிகளுக்குள் நடந்து முடிய வேண்டும்.

சாதாரண டிஃபரன்ஷியலுக்கு இதில் சிரமம் ஒன்றும் இல்லை. கிளட்ச் வகை எல்.எஸ்.டி.யில் கதை வேறு. ஆக்சிலோடு சுற்றும் பிளேட்டுகளும், கேஸோடு (டிஃபரன்ஷியலின் கூடு) சுற்றும் பிளேட்டுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டு, ஸ்பிரிங்கால் அழுத்தப்பட்டிருக்கும். ஒரு சக்கரம் சேற்றில் சுழலும்போது மற்றதற்கும் விசை போக வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் வளைவில் இந்தப் பிளேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியாக வேண்டும்.

இங்கேதான் சிக்கல். நின்றிருக்கும் பிளேட்டை நகர வைக்கத் தேவையான உராய்வு, நகர்ந்துகொண்டிருக்கும் பிளேட்டின் உராய்வைவிட அதிகமாக இருந்தால், பிளேட்டுகள் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். சாக்பீஸைச் செங்குத்தாகப் பிடித்துக் கரும்பலகையில் இழுத்தால் கோடு துள்ளித் துள்ளி விழுமே, அதே சங்கதிதான். நொடிக்குப் பல தடவை நடக்கும் இந்தப் பிடி-விடு ஆட்டம்தான் நமக்குக் கொரகொரப்பாகக் கேட்கிறது.

இதைத் தடுக்கத்தான் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபயர் என்ற சேர்மானம். பிளேட்டின் பரப்பில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு, வழுக்கத் தொடங்கும் கணத்தின் உராய்வைக் குறைத்துவிடும். கியர் ஆயிலில் ஏற்கனவே இருக்கும் கந்தக-பாஸ்பரஸ் சேர்மானங்கள் கிரவுன் பினியன் பற்களைக் காப்பாற்றுபவை. அவை மட்டும் பிளேட்டுகளின் நடுக்கத்தைப் போக்காது. ஆக, நல்ல தரமான, விலை உயர்ந்த ஆயிலை ஊற்றிய பிறகும் சத்தம் வரலாம். அந்த ஆயிலில் மாடிஃபயர் இல்லை, அல்லது உங்கள் பிளேட்டுகளுக்குப் போதுமான அளவு இல்லை, அவ்வளவுதான்.

முதலில்: உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது. எல்.எஸ்.டி. என்ற ஒரே பெயருக்குள் வேறு வேறு இயந்திரங்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்குக் கெடுதலாக முடியும்.

கிளட்ச் பிளேட் வகை: ஃபோர்டின் டிராக்‌ஷன்-லாக், டானாவின் டிராக்-லாக் போன்றவை இதில் அடங்கும். மாடிஃபயர் தேவைப்படுவது முக்கியமாக இவற்றுக்குத்தான். பிளேட்டுக்குப் பதிலாகக் கூம்பு வடிவக் கிளட்ச் வைத்த வகையும் இந்தக் குடும்பம்தான்.

டோர்சன் போன்ற ஹெலிகல் கியர் வகை: கியர்களின் உராய்விலேயே வேலை செய்யும். கிளட்ச் பிளேட் அடுக்கு இல்லை. பொதுவாக மாடிஃபயர் தேவையில்லை. கியர்களின் உராய்வையே நம்பி இருப்பதால், அதைக் குறைக்கும் எதையும் ஊற்றாமல் இருப்பதே நல்லது.

விஸ்கஸ் வகை: இதன் தட்டுகள் சிலிக்கோன் திரவத்துக்குள் சீல் செய்யப்பட்டிருக்கும். வெளியே நீங்கள் ஊற்றும் கியர் ஆயில் அதற்குள் போவதே இல்லை. ஆயில் மாற்றிய பிறகு இதில் சத்தம் வந்தால், காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

ஈட்டன் நிறுவனத்தின் தானியங்கி லாக்கர் வகை: இரு சக்கரங்களின் வேக வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றைத் தொட்டதும் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். அந்த 'டக்' பழுது அல்ல, அதன் இயல்பு. இதில் மாடிஃபயர் சேர்த்தால் பூட்டும் வேலை பாதிக்கப்படும்.

பிரேக்கை வைத்து எல்.எஸ்.டி. போல நடிக்கும் மின்னணு ஏற்பாடு: உள்ளே இருப்பது சாதாரண டிஃபரன்ஷியல்தான். பிடிக்க பிளேட்டே இல்லாத இடத்தில் பிளேட் சத்தமும் வராது.

பந்தய வண்டிகளுக்காகத் தனியாக வாங்கிப் பொருத்தும் உலோகப் பிளேட் எல்.எஸ்.டி.கள் தனி ரகம். அவற்றில் ஓரளவு சத்தம் கூடவே பிறந்தது. அதைத் தயாரித்தவர் சொன்ன ஆயிலை மட்டும் பயன்படுத்துங்கள்.

வகையைத் தெரிந்துகொள்ள நம்பகமான வழி வண்டியின் கையேடு, கதவோரத் தகட்டில் உள்ள ஆக்சில் குறியீடு, டிஃபரன்ஷியல் கவர் போல்ட்டில் தொங்கும் சின்னத் தகடு ஆகியவைதான். எதுவும் கிடைக்கவில்லை என்றால் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கலாம். முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைத்து, பின்பக்கம் முழுவதையும் ஆக்சில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இன்ஜின் ஆஃப், சாவி உங்கள் சட்டைப்பையில். மேனுவல் வண்டியைக் கியரிலும் ஆட்டோமேட்டிக்கைப் பார்க்கிலும் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுவியுங்கள். இப்போது ஒரு பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லேசாகச் சுற்றி, மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷியல், அல்லது பிடியே இல்லாத அளவுக்குத் தேய்ந்த எல்.எஸ்.டி. டோர்சனும் லாக்கரும் இப்படியே சுற்றக்கூடும் என்பதால் இந்தச் சோதனை அவற்றைப் பிரித்துக் காட்டாது. கையால் அசைக்கவே கஷ்டமாக இருந்தால் கிளட்ச் வகை.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எல்.எஸ்.டி. வண்டியில் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி வைத்துவிட்டு, இன்ஜினை ஓட்டிக் கியர் போடவே கூடாது. தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் விசை போகும். வண்டி ஜாக்கிலிருந்து பாய்ந்துவிடும். அடியில் ஆள் இருந்தால் நினைத்துப் பார்க்கவே முடியாது.

சத்தத்தைச் சரியாகக் கேளுங்கள்

வேலையில் பாதி இதுதான், அவசரப்படாதீர்கள். முதலில் 20, 30 நிமிடம் சாதாரணமாக ஓட்டி ஆயிலைச் சூடாக்குங்கள். பிறகு ஆள் நடமாட்டமில்லாத, காய்ந்த, சமதளமான இடத்துக்குப் போங்கள். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஏ.சி., பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஆள் நடக்கும் வேகத்தில் வலப்பக்கம் ஒரு வட்டம், இடப்பக்கம் ஒரு வட்டம். வெளியே ஒருவர் தள்ளி நின்று கேட்டால் இன்னும் நல்லது. சத்தம் முன்னாலிருந்தா பின்னாலிருந்தா என்பதை உள்ளே இருப்பவரைவிட அவர் தெளிவாகச் சொல்வார்.

மெதுவாக ஒடித்துத் திருப்பும்போது மட்டும், இரு பக்கமும், பின்னாலிருந்து கொரகொரப்பு அல்லது தடதட நடுக்கம். நேராகப் போனால் சுத்தமாக இல்லை. வண்டி சூடானதும் கூடுகிறது. இந்த அடையாளங்கள் சேர்ந்து வந்தால் அது கிளட்ச் பிளேட்தான். அதே வட்டத்தில் நியூட்ரலுக்கு மாற்றி உருளவிட்டும் பாருங்கள். பிளேட்டுகளை ஸ்பிரிங் எப்போதும் அழுத்திக்கொண்டிருப்பதால் நடுக்கம் ஓரளவாவது தொடரும். நியூட்ரலில் முற்றிலும் மறைந்தால் இன்ஜின் மவுண்ட், கியர்பாக்ஸ் பக்கமும் ஒரு பார்வை தேவை.

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முன், பின் ஆக்சில்களுக்கு இடையே சென்டர் டிஃபரன்ஷியல் இல்லாத பார்ட்-டைம் 4டபிள்யூ.டி. (தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கர இயக்கம்) வண்டியை நான்கு சக்கர இயக்கத்திலேயே வைத்துத் தார்ச்சாலையில் ஒடித்துத் திருப்பினால், இதே போலத்தான் இழுத்துப் பிடித்துத் துள்ளும். சர்வீஸ் செய்யும்போது யாராவது லீவரைத் தொட்டிருக்கலாம். இரு சக்கர இயக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

இனி வேறு சத்தங்கள். நேர்ச்சாலையில் குறிப்பிட்ட வேகத்தில் ஊளையிடுவது போன்ற சத்தம், ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஒரு விதமும் விட்டால் வேறு விதமும் கேட்டால், அது கிரவுன் பினியன் பற்கள் பொருந்துவதைச் சேர்ந்தது. ஆயில் அளவு குறைந்திருக்கலாம், பாகுத்தன்மை தவறாக இருக்கலாம், இல்லையென்றால் ஏற்கனவே தேய்ந்திருந்தது புது ஆயிலில் வெளிப்பட்டிருக்கலாம். ஆக்சிலரேட்டருக்குச் சம்பந்தமில்லாமல் வேகத்தோடு மட்டும் கூடும் 'கும்ம்ம்' என்ற உறுமல் பேரிங்குடையது. காலியான சாலையில் ஸ்டியரிங்கை லேசாக வலமும் இடமும் அசைக்கும்போது அந்த உறுமல் கூடிக் குறைந்தால் வீல் பேரிங் மீது சந்தேகம் வைக்கலாம். சாலையின் தரை மாறினதும் சத்தமும் மாறினால் அது டயர். கியர் போடும்போது ஒரே ஒரு 'டொக்' என்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ் (கியர்பாக்ஸிலிருந்து பின்பக்கம் விசை கொண்டுபோகும் தண்டின் மூட்டு), அல்லது பற்களுக்கு இடையிலான தளர்வு, அதாவது பேக்லாஷ். திருப்பும்போது முன்னாலிருந்து 'டிக் டிக்' என்று வந்தால் சி.வி. ஜாயின்ட், அதாவது முன்சக்கரத்துக்கு விசை தரும் தண்டின் மூட்டு.

கேட்டதை எழுதி வையுங்கள்: எந்தப் பக்கம் திருப்பியபோது, எவ்வளவு வேகத்தில், சூடாகவா குளிராகவா. ஒவ்வொரு படிக்குப் பிறகும் ஒப்பிட இந்தக் குறிப்புதான் உதவும். ஞாபகத்தை நம்பினால் ஏமாந்துவிடுவோம்.

அடியில் குனிந்து பாருங்கள்

ஆயில் மாற்றிய பிறகு வந்த சத்தம் என்றால், ஆயில் மாற்றும்போது கைப்பட்ட எல்லாமே சந்தேகப் பட்டியலில் இருக்கிறது. டிரெய்ன் பிளக் (ஆயில் வடிக்கும் அடிமூடி) இல்லாத ஆக்சில்களில் பின்கவரையே கழற்றித்தான் ஆயில் எடுப்பார்கள். அப்போது ஹேண்ட்பிரேக் கேபிள் கிளிப், பிரேக் பைப் பிடிப்பான், சென்சார் ஒயர் இவற்றில் ஏதாவது ஒன்று சரியாக மாட்டப்படாமல் உரசிக்கொண்டிருக்கலாம். புதிதாக வாங்கிப் போட்ட கவர் உள்ளே கிரவுன் வீலைத் தொடுகிறதா என்பதும் பார்க்க வேண்டிய விஷயம். பிரீதர் குழாய் (உள்ளே சேரும் அழுத்தத்தை வெளியேற்றும் குழாய்) கழன்றோ அடைத்தோ கிடக்கிறதா என்றும் பாருங்கள். அது அடைத்தால் சூட்டில் அழுத்தம் கூடி, ஆயில் சீல் வழியாக ஆயில் வெளியே வரும்.

ஆயில் அளவு

வண்டி நான்கு சக்கரத்திலும் சமதளத்தில் நிற்க வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பின்பக்கத்தை மட்டும் ஜாக்கில் தூக்கிவிட்டு ஆயில் ஊற்றியிருந்தால் ஆக்சில் சாய்ந்திருக்கும், அளவு கூடவோ குறையவோ தவறியிருக்கும். ஓட்டிவிட்டு வந்தால் ஆயில் கீழே வடியச் சில நிமிடம் விடுங்கள். பிறகு ஃபில்லர் பிளக்கை (ஆயில் ஊற்றும் துவாரத்தின் மூடி) கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். பெரும்பாலான ஆக்சில்களில் ஆயில் துவாரத்தின் கீழ் விளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும். சிலவற்றில் அதற்குச் சில மில்லிமீட்டர் கீழே என்று கையேடு சொல்லும். அப்படி இருந்தால் கையேடு சொல்வதுதான் சரி.

குறைந்தால் பினியன் பேரிங்குக்குப் போதிய ஆயில் போகாது. சூடு ஏறும், ஊளை வரும். கூடினால் நுரைக்கும், பிரீதர் வழியாகக் கக்கும். நுரைத்த ஆயில் பற்களையும் காப்பாற்றாது, பிளேட்டையும் காப்பாற்றாது.

எந்த ஆயில் ஊற்றினீர்கள்?

காலி டப்பாவைத் தேடி எடுங்கள். வேறு ஒருவர் ஊற்றியிருந்தால் என்ன பெயர், என்ன கிரேடு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "நல்ல ஆயில்தான் ஊற்றினோம்" என்பது பதில் இல்லை.

டப்பாவில் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, ஏ.பி.ஐ. (அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்) தரம். பின் ஆக்சிலின் ஹைப்பாய்டு பற்கள் ஒன்றன்மேல் ஒன்று அழுத்தமாக வழுக்கி ஓடுபவை. அவற்றுக்கு வழக்கமாகக் கேட்கப்படுவது ஜி.எல்-5. மேனுவல் கியர்பாக்ஸுக்காக வாங்கிய ஜி.எல்-4 ஆயில் தவறி இங்கே வந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், வடித்துவிடுங்கள். இரண்டு, பாகுத்தன்மை: 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90, 75டபிள்யூ-140 என்று கையேடு எதைச் சொல்கிறதோ அதுதான். 'கெட்டியாக ஊற்றினால் சத்தம் அடங்கும்' என்று சொல்வதைக் கேட்டு 140-க்குத் தாவாதீர்கள். பிளேட் நடுக்கம் கெட்டித்தன்மையால் தீர்வதில்லை. மூன்று, எல்.எஸ். என்ற எழுத்துகளோ, லிமிடெட் ஸ்லிப்புக்கு ஏற்றது என்ற வாசகமோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாடிஃபயர் கலந்தே வந்திருக்கிறது. 'தேவைப்பட்டால் மாடிஃபயர் சேர்க்கவும்' என்று இருந்தால் அதில் இல்லை, அல்லது போதாமல் போகலாம் என்று அர்த்தம். சின்தெடிக் என்ற வார்த்தை இந்த விஷயத்தில் எதையும் உறுதிப்படுத்தாது. அது அடிப்படை எண்ணெயைப் பற்றிச் சொல்கிறதே தவிர, உராய்வுச் சேர்மானத்தைப் பற்றி அல்ல.

கிரேடே தவறு என்றால் இடையில் உள்ள படிகளை விட்டுவிட்டு, ஆயிலை மறுபடி மாற்றும் பகுதிக்குப் போய்விடுங்கள். கிரேடு சரியாக இருந்தால் அடுத்தது எட்டு போடுவது.

எட்டு போடுங்கள்

ஆயில் மாற்றியதும் பிளேட்டுகளின் இடுக்கில் பழைய ஆயில்தான் இருக்கும். நேராக ஓட்டும்போது பிளேட்டுகள் ஒன்றுக்கொன்று அசைவதே இல்லை என்பதால், எத்தனை தூரம் நெடுஞ்சாலையில் போனாலும் புது ஆயில் உள்ளே புகுவது மெதுவாகத்தான் நடக்கும். திருப்பினால்தான் பிளேட்டுகள் வழுக்கும், வழுக்கினால்தான் ஆயில் உள்ளே இழுக்கப்படும்.

ஆகவே ஆயில் சூடான நிலையில், காலியான பரந்த இடத்தில், மெதுவான வேகத்தில் எட்டு வடிவத்தில் ஓட்டுங்கள். 10 முதல் 15 எட்டு. ஸ்டியரிங்கை முட்டுமட்டும் ஒடித்துப் பிடித்துக்கொண்டே இருக்காமல், கொஞ்சம் தளர்த்திச் சுற்றுங்கள். பவர் ஸ்டியரிங் பம்ப் வீணாகச் சிரமப்பட வேண்டாம். முதல் சில எட்டுகளில் சத்தம் அதிகமாகக்கூடக் கேட்கும். பயப்பட வேண்டாம். முடித்ததும் சில நிமிடம் நிறுத்திவிட்டு, முதலில் செய்த அதே வட்டச் சோதனையைத் திரும்பச் செய்து குறிப்போடு ஒப்பிடுங்கள்.

மாடிஃபயர் கலந்த சரியான ஆயில் என்றால் பல சமயம் கதை இங்கேயே முடிந்துவிடும். பாதியாகக் குறைந்திருந்தால்கூட நல்ல அறிகுறி. சில நாள் சாதாரணமாக ஓட்டிவிட்டு இன்னொரு முறை எட்டு போட்டுப் பாருங்கள்.

மாடிஃபயர் சேர்ப்பது: சொட்டுச் சொட்டாக, பொறுமையாக

கிளட்ச் வகை என்று உறுதியாகத் தெரிந்து, அளவும் கிரேடும் சரியாக இருந்து, எட்டு போட்டும் சத்தம் நீடித்தால் மட்டுமே இந்தப் படி.

மாடிஃபயர் பெரும்பாலும் 118 மில்லி, அதாவது 4 அவுன்ஸ் பாட்டிலில் வரும். பல அமெரிக்க ஆக்சில்களுக்குக் கையேடு சொல்லும் அளவும் அதுவேதான். அதற்காக உங்கள் ஆக்சிலுக்கும் முழு பாட்டில் என்று முடிவுகட்டாதீர்கள். ஏற்கனவே கலந்து வந்த ஆயில் மேல் ஒரு முழு பாட்டிலைச் சேர்த்தால், பிளேட்டுகள் பிடிக்க வேண்டிய நேரத்திலும் வழுக்க ஆரம்பிக்கும். சத்தம் நிற்கும், எல்.எஸ்.டி.யும் நின்றுவிடும். காசு கொடுத்து வாங்கிய வசதியைக் காசு கொடுத்தே கெடுத்துக்கொள்வது போலாகிவிடும்.

முறை இதுதான். கையேடு சொல்லும் மொத்த அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். அதுதான் உச்சவரம்பு. ஃபில்லர் துவாரம் வழியாகக் குழாய் பொருத்திய பெரிய சிரிஞ்சால் 30 மில்லி ஆயிலை உறிஞ்சி எடுங்கள். எடுத்த அதே அளவு மாடிஃபயரை உள்ளே விடுங்கள். எடுக்காமல் விட்டால் துவாரத்தின் வழியே வழிந்து, எவ்வளவு உள்ளே போனது என்ற கணக்கே தப்பிவிடும். பிளக்கை மூடி, சூடாகும் வரை ஓட்டி, எட்டு போட்டு, கேளுங்கள். குறைந்து இன்னும் மிச்சம் இருந்தால் மறுபடி 30 மில்லி. நடுக்கம் நின்ற இடத்தில் நிறுத்திவிடுங்கள். பாட்டிலில் மீதம் இருக்கிறதே என்பதற்காக ஊற்ற வேண்டாம்.

மாடிஃபயருக்குப் பதிலாக இன்ஜின் ஆயில் அடிட்டிவ், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் என்று கைக்குக் கிடைத்ததை ஊற்றச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். இங்கே தேவை வெறும் வழுவழுப்பு இல்லை, அளவான உராய்வு.

சத்தம் நின்ற பிறகு எல்.எஸ்.டி. வேலை செய்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். சரளை மண்ணில் நிறுத்தி, டிராக்‌ஷன் கன்ட்ரோல் இருந்தால் அணைத்து, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்து நகர்ந்து பாருங்கள். இரண்டு பின்சக்கரங்களும் மண்ணைக் கிளறிய தடம் இருந்தால் நிம்மதி. ஒன்றின் தடம் மட்டும் ஆழமாக இருந்தால் மாடிஃபயர் அதிகமாகிவிட்டது, அல்லது பிளேட்டுகள் தேய்ந்துவிட்டன.

ஆயிலை மறுபடி மாற்ற வேண்டிய சந்தர்ப்பம்

கிரேடு தவறு, என்ன ஆயில் என்றே தெரியவில்லை, மாடிஃபயர் அளவு கைமீறிவிட்டது, ஆயில் பால் கலந்தாற்போல் வெளுத்திருக்கிறது: இவற்றில் எது இருந்தாலும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுவதே சிக்கனம். பால் நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. எங்கே புகுந்தது என்று கண்டுபிடிக்காமல் ஆயிலை மட்டும் மாற்றினால் திரும்ப வரும்.

வடிப்பதற்கு முன் ஃபில்லர் பிளக்கை முதலில் கழற்றிப் பாருங்கள். அது துருப்பிடித்து அசையாமல் போய், நீங்கள் கீழே ஆயிலை வடித்துவிட்டால், ஊற்ற வழியில்லாமல் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது நன்றாக வடியும். கை சுடும் அளவுக்கு வேண்டாம்.

டிரெய்ன் பிளக் காந்தத்தைக் கவனமாகப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை போன்ற மெல்லிய பசை சாதாரணத் தேய்மானம். அதை இரு விரலுக்கு இடையே தேய்த்துப் பார்க்கும்போது நெருடினால், சில்லு சில்லாக மினுங்கினால், பல்லின் துண்டு போல ஏதாவது கிடந்தால், அது ஆயில் பிரச்சினை இல்லை. கருகிய வாடையும் கரிய துகள்களும் பிளேட் எரிந்ததைக் காட்டும்.

பிளேட்டுக்குள் சிக்கிய பழைய ஆயில் வடிந்துவிடாது என்பதால், புதிதாக ஊற்றியதும் மறுபடி எட்டு போட வேண்டும். இதை மறந்துவிட்டு "மாற்றியும் போகவில்லை" என்று முடிவுகட்ட வேண்டாம்.

டயரையும் அளந்துவிடுங்கள்

இது பலர் நினைத்தே பார்க்காத காரணம். ஒரே நாளில் சர்வீசும் முடித்து, ஒரு பின்டயரை மட்டும் புதிதாகவும் போட்டிருந்தால் பழி ஆயில் மேல் விழும். பின்சக்கரங்களில் ஒன்றின் சுற்றளவு 2200 மில்லிமீட்டர், மற்றது 2210 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் 10 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் நேர்ச்சாலையிலேயே ஒரு கிலோமீட்டருக்கு ஒரு சக்கரம் மற்றதைவிடச் சுமார் 2 சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கும். நூறு கிலோமீட்டர் பயணத்தில் 200 சுற்று. அத்தனையும் பிளேட்டுகளின் தேய்மானத்தில்தான் போய் முடியும். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டி, தரையில் அளந்தால் தெரிந்துவிடும். காற்றழுத்தத்தைச் சமமாக்கிவிட்டு அளப்பது முக்கியம்.

திறந்தே ஆக வேண்டும் என்றால்

மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்தும் நடுக்கம் குறையவில்லை என்றால், பிளேட்டுகள் பளபளத்துக் கெட்டியாகிவிட்டன, அல்லது எரிந்துவிட்டன, இல்லையென்றால் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. இப்போது மெக்கானிக்கிடம் போகலாம். ஆனால் இறக்குவதற்கு முன் பிரேக்அவே டார்க் அளக்கச் சொல்லுங்கள்: இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, டார்க் ரெஞ்சால் அந்தச் சக்கரத்தை நகர்த்த எவ்வளவு விசை தேவை என்று பார்ப்பது. கையேட்டில் உள்ள குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இருந்தால் பிளேட் செட் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. அளவு சரியாக இருந்து, விட்டு விட்டு இழுத்து நகர்ந்தால் பிளேட்டின் பரப்பில் கோளாறு.

இவற்றில் ஏதாவது தெரிந்தால் சோதனைகளை நிறுத்தி, வண்டியை ஓட்டாமல் இழுத்துக்கொண்டு போங்கள்: நறநறவென்ற அரைக்கும் சத்தம், வளைவில் சக்கரம் பூட்டிக்கொண்டு தார் மேல் இழுபடுவது, டிஃபரன்ஷியலிலிருந்து கருகிய வாடை, பினியன் முனையைக் கையால் பிடித்து ஆட்டினால் ஆடுவது. பினியன் சக்கரத்தைவிடப் பல மடங்கு வேகமாகச் சுற்றுவது. 4.1 விகித ஆக்சிலில் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது பினியன் 4.1 சுற்று சுற்றியிருக்கும். அதன் பேரிங் நெடுஞ்சாலையில் கைவிட்டால் வண்டியும் கைவிடும்.

புது பிளேட் போடுகிறார்கள் என்றால், அடுக்குவதற்கு முன் அவற்றைக் கையேடு சொல்லும் மாடிஃபயரிலோ ஆயிலிலோ குறைந்தது 20 நிமிடமாவது ஊறவைக்கச் சொல்லுங்கள். உலர்ந்த பிளேட்டை அப்படியே அடுக்கினால், முதல் திருப்பத்திலேயே அதே கொரகொரப்பு திரும்பி வரும். பொருத்தி முடித்து வண்டியை எடுத்ததும் மறுபடி எட்டு, மறுபடி ஆயில் அளவு. எந்த ஆயில், என்ன கிரேடு, எத்தனை மில்லி மாடிஃபயர், எந்தத் தேதி என்று ஒரு சீட்டில் எழுதி சர்வீஸ் புத்தகத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை ஆயில் மாற்றப் போகிறவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.